சீசரைக் கூப்பிட்டவன்

அமெரிக்காவின் கென்டக்கியில் அடிமையாக இருந்தபோது எசமான் அவனுக்கு வைத்த பெயர் சீசர். முதல் முறை தப்பி ஓடியபோது வேட்டை நாய்கள் அவன் கெண்டைக்காலைக் கிழித்தன. அந்தக் காயத்தில் உப்பைத் தேய்த்துச் சிரித்தான் அந்தப் பாவி. மறுமுறை, வழிமறித்த கங்காணியின் மண்டையைப் புகையிலை வெட்டும் கத்தியால் பிளந்துவிட்டு, எல்லை தாண்டிக் கனடாவில் எங்கள் சாத்தம் ஊருக்கு வந்து சேர்ந்தான். மரம் வெட்டிப் பிழைத்தான். தானே வைத்துக்கொண்ட பெயர் சைலஸ் ட்ரூயிட்.

அப்படிப்பட்டவன் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் வளர்த்தான். அதற்கு வைத்த பெயர் சீசர்!

"ஏண்டா, உனக்கு வேற பேரே கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

"நாய்க்கு வைக்கிற பேரைத்தானே எனக்கு வச்சான்? நாய்க்கே குடுத்துட்டேன்."

ஒருநாள் தெற்கிலிருந்து, தப்பி வந்த அடிமைகளைத் தேடி ஆள்பிடிக்கிறவன் ஒருவன் வந்தான். அவனுக்குச் சைலஸின் முகம் தெரியாது. பழைய பெயரைச் சொன்னால் ஆள் திரும்பிப் பார்ப்பான் என்று கணக்குப் போட்டு, சந்தை நடுவில் துப்பாக்கியை உருவிக்கொண்டு, "டேய் சீசர்!" என்று கத்தினான்.

நாயோடு சந்தைக்கு வந்திருந்த சைலஸ் திரும்பவில்லை. நாய் திரும்பியது. ஒரே பாய்ச்சல், துப்பாக்கி பிடித்த கை அதன் வாய்க்குள் இருந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

"யாருடா நாய் இது? கூப்பிடுடா!" என்று வந்தவன் அலறினான்.

சைலஸ் கோடரியோடு நிதானமாக வந்து நின்றான்.

"நானா கூப்பிட்டேன்? நீதானே கூப்பிட்ட."