மூன்றாவது ஓலை

திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் செபஸ்தியானுக்கு, அடுத்தவர் ஆரம்பித்த பேச்சைத் தானே முடித்துவைப்பது புண்ணிய காரியம். "அண்ணே, அந்த..." என்று இழுத்தால் போதும், "ஆஸ்பத்திரிதானே? ஜல்தி ஏறுங்க" என்று கிளம்பிவிடுவார். பேங்குக்குப் போக வேண்டிய என்னை இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார். இரண்டாவது முறை, "உடம்பப் பாத்துக்கங்க" என்று அக்கறை வேறு! பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்த மனிதரை வெறுக்க முடியாது.

மகள் அக்னஸுக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் லூர்து பிரகாஷை அவளுக்கும் பிடித்திருந்தது. மே பதினாலு கல்யாணம் என்று செபஸ்தியான் மண்டபமும் பிடித்துவிட்டார்.

"அப்பா, அந்தத் தேதியில..." என்றாள் அக்னஸ்.

"வெயிலுதானே? ஏசி மண்டபம்மா."

மறுநாள், "அப்பா, அன்னிக்கு எனக்கு..."

"பட்டுப் புடவைதானே? எடுத்துடலாம்."

மனைவி லூர்துசெல்வி சிபாரிசுக்கு வந்தாள். "என்னாங்க, பொண்ணு என்னா சொல்றான்னா..."

"எல்லாம் பாத்துக்கினுதான் கீறேன், போ."

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மணமக்கள் பெயரைப் படித்து, தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். எனக்குத் தெரிந்து யாரும் வாய் திறந்ததில்லை. மூன்றாவது ஓலையன்று பெண்கள் பக்கம் ஒரு கை உயர்ந்தது. கல்யாணப் பெண்ணின் கை!

"தடை இருக்குது சாமி."

செபஸ்தியான் துள்ளி எழுந்தார். "அது ஒண்ணுமில்ல சாமி, கூச்சத்துல..."

"நீங்க உக்காருங்க செபஸ்தியான். அவ முடிக்கட்டும்" என்றார் சாமியார், மைக்கிலேயே.

"மே பதினாலு எனக்கு நர்சிங் கடைசிப் பரீட்சை. வுட்டா ஒரு வருஷம் போயிடும். பரீட்சை முடிஞ்சி எப்ப வேணா கட்டிக்கறேன் சாமி."

கோயிலே சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

வெளியே வந்ததும் செபஸ்தியான் கேட்டார். "ஏம்மா, எங்கிட்ட முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னேம்ப்பா. நீ பாதிதான் சொல்ல வுட்ட."

அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. செல்போனை எடுத்து விழுப்புரம் சம்பந்திக்குப் போட்டார். மணி அடித்ததும் மகளிடம் நீட்டினார்.

"நீயே முழுசா சொல்லும்மா."

பத்து நிமிடம் பேசினாள். ஜூனில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களும் சம்மதித்தார்கள். அதுவரை செபஸ்தியான் வாயே திறக்கவில்லை. லூர்துசெல்விதான் பயந்துபோய், காய்ச்சலா என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.