அன்னாசியும் கடலை மிட்டாயும்

எனக்குச் செய்யத் தெரிந்த இனிப்பு ஒன்றே ஒன்றுதான். அதையும் ஐம்பத்தாறு வயதில், கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்களோடு ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று நானாகக் கண்டுபிடித்தேன்.

சிங்காநல்லூரில் நான் தனியாக இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், எதிர்வீட்டுத் தம்பதி சென்னைக்காரர்கள். சின்ன வயது, இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. மாதம் ஒருமுறை நண்பர்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, கூடாரமும் அடுப்புமாக எங்காவது தோப்பிலோ ஆற்றங்கரையிலோ தங்கிவிட்டு மறுநாள் வருவார்கள். போன வருடம் ஒருநாள் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். அவரவர் தின்ன ஏதாவது எடுத்துவர வேண்டும் என்பது ஏற்பாடு.

நான் அன்னாசி எடுத்துப்போனேன். பொடியாக நறுக்கி, தண்ணீர் ஊற்றாமல் நாட்டுச்சர்க்கரை போட்டுச் சிறுதீயில் வைத்தால் பழமே நீர் விட்டுக்கொள்ளும். பாகு கரண்டியில் ஒட்டும்போது இறக்கி, ஒரு சிட்டிகை உப்பும் சுக்குத்தூளும் சேர்த்து ஆறவைத்து, தூக்குப்போசியில் மூடி எடுத்துப்போனால் வெயிலிலும் கெடாது. போன இடத்தில் பூவன்பழத்தை அரிந்து அதில் போட்டு, கடலை மிட்டாயை நொறுக்கி மேலே தூவ வேண்டும். இந்த இரண்டையும் வீட்டிலேயே செய்துவிட்டால் வாழைப்பழம் குழைந்துவிடும், மிட்டாய் நமுத்துவிடும்.

தாராபுரம் பக்கம் அமராவதிக் கரையில் அன்று சாயங்காலம் அத்தனை பேரும் போசியைச் சுற்றி உட்கார்ந்து வழித்துத் தின்றார்கள். "அங்கிள், இனிமே நீங்க இல்லாம ட்ரிப்பே கிடையாது" என்றார் எதிர்வீட்டுக்காரர். நாலு வருடமாக என் சமையலை நான் மட்டுமே தின்றுகொண்டிருந்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

அடுத்த மாதம் எதிர்வீட்டுக்காரர் லிஃப்டில் பார்த்தபோது கேட்டார். "அங்கிள், இந்தச் சனிக்கிழமை ஆழியார் பக்கம் போறோம். வர்றீங்களா?"

"இருக்கட்டுங்க, நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் புரிந்திருக்கும். நான் பிறந்த அன்னூரில், ஒரு வீட்டுக்குப் போனால் சாப்பிடக் கூப்பிட்டதும் யாரும் உட்கார்ந்துவிட மாட்டார்கள். "இப்பத்தானுங்க உண்டுபோட்டு வந்தேன்" என்று சொல்ல வேண்டும். "அதெல்லாம் முடியாதுங்க, ஒரு வாயாச்சும் உண்ணுங்க" என்று அவர்கள் வற்புறுத்த வேண்டும். முதல் பேச்சிலேயே சரி என்றால், சோற்றுக்கு அலைகிறவன் என்று பேராகிவிடும். என் 'இருக்கட்டுங்க'வுக்கு அர்த்தம், இன்னொரு தடவை கேளுங்கள் என்பதுதான். சென்னைக்காரர் "ஓகே அங்கிள்" என்றார். லிஃப்ட் நின்றதும் தன் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

எப்படியும் கேட்பார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை உழவர் சந்தையில் அடிப்பக்கம் முகர்ந்து பார்த்து இரண்டு அன்னாசி வாங்கி, பாகும் காய்ச்சி வைத்துவிட்டேன். குளிக்கப் போகும்போதுகூடப் போனைக் குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு வைத்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை, கீழே வண்டியில் சாமான் ஏற்றும் சத்தம் கேட்டது. மானத்தை விட்டுப் போசியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நல்ல சட்டை மாற்றிக்கொண்டுதான் இறங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துண்டு, மாத்திரை, மாற்றுத் துணியெல்லாம் வைத்த பை, வீட்டுக்குள் கதவோரம் தயாராக இருந்தது.

"இதைய எடுத்துட்டுப் போங்க" என்று நீட்டினேன்.

"ஐயோ அங்கிள், நீங்களும் வாங்களேன். ஒரு சீட் இருக்கு" என்றார் அவர் மனைவி.

கேட்டுவிட்டார். ஆனால் போசியோடு வந்து நிற்கிறவனைப் பார்த்துப் பாவப்பட்டுக் கேட்டதாக எனக்குப் பட்டது. பாழாய்ப்போன வாய், "இல்லைங்க, எனக்குக் கொஞ்சம் வேலை இருக்குதுங்க" என்றது. எனக்கு ஒரு வேலையும் கிடையாது. வண்டி கேட்டைத் தாண்டும்வரை கையாட்டிக்கொண்டு நின்றேன்.

என் மனைவியும் இப்படித்தான் போனாள். "அண்ணன் ஊட்டுக்கே போயிரட்டுங்களா?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். போகாதே என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. போனவள் திரும்பி வரவில்லை. அந்த ஒரு நிமிடத்தை நான் நினைக்காத நாளில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை, கழுவித் துடைத்த போசியோடு எதிர்வீட்டுப் பெண் வந்தார். "துளி மிச்சமில்ல அங்கிள். எப்படிச் செய்யறதுன்னு எழுதிக் குடுத்துடுங்க. நீங்க வரவும் இல்ல, உங்களைச் செய்யச் சொல்லி சிரமப்படுத்தறது எங்களுக்கே கஷ்டமா இருக்கு."

சிரமமில்லை, நானும் வாரேன் என்று சொல்லியிருக்கலாம். நுனிநாக்குவரை வந்தது. "அதுக்கென்னங்க அம்மணி, எழுதித் தாரேன்" என்றேன்.

எழுத உட்கார்ந்தபோது, ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது உண்மை. உப்பை விட்டாலே போதும், நாலு கரண்டியில் திகட்டிவிடும். என்ன குறைகிறது என்று கேட்டு என்னிடம்தான் வருவார்கள். ஆனால் முப்பது வருடம் பஞ்சாலையில் நூலின் தரம் பார்த்தவனுக்கு அரைகுறையாக எழுத மனசு வரவில்லை. தீயின் அளவு, இறக்கும் பதம், உப்பு, சுக்கு, வாழைப்பழத்தை எப்போது அரிவது என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க வந்தது.

அடுத்த மாதம் அவர்கள் என்னைக் கேட்கவே இல்லை. இரண்டு தடவை வேண்டாம் என்றவனை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நினைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போய்வந்த அன்று மாலை அந்தப் பெண் ஒரு கிண்ணத்தோடு வந்தார். எனக்கென்று எடுத்துவைத்த அன்னாசிப் பாகு. என் சமையலறை மேடையிலேயே பூவன்பழத்தை அரிந்து போட்டு, மிட்டாயை நொறுக்கித் தூவினார், நான் எழுதியிருந்தபடியே.

"சாப்பிட்டுச் சொல்லுங்க அங்கிள். சரியா வந்திருக்கா?"

எங்காவது பதம் தப்பியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஸ்பூனை வாயில் வைத்தேன். எதுவும் தப்பவில்லை.