ஸ்பெயினுக்கு உத்தரவு போட்ட கதை

அடுத்தவர் வீட்டு வாஷிங் மெஷினைத் தொடாமலே, வெறும் பேச்சால் ரிப்பேர் பண்ணுவதுதான் எங்கள் தொழில். ஹெட்செட் மாட்டிக் காது சிவந்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். எனக்குச் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஆபீஸ், ஸ்பெயின்காரர்கள் வாடிக்கையாளர்கள். ஆறு மாதம் சோதனைக் காலம். தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் திருப்போரூர் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

சம்பந்தம்

ஸ்பானிஷில் மரியாதையாக உத்தரவு போடுவது சுலபம். வினைச்சொல் 'ஆர்' என்று முடிந்தால் அதை வெட்டிவிட்டு 'ஏ' போடணும். 'ஏர்', 'இர்' என்று முடிந்தால் 'ஆ' போடணும். எஸ்பெரார் என்றால் காத்திருப்பது, எஸ்பெரே, காத்திருங்கள். அப்ரிர் என்றால் திறப்பது, அப்ரா, திறங்கள். ஆ வீடும் ஏ வீடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் என்று மனதில் போட்டு வைத்தேன், மறக்கவே இல்லை.

பரீட்சையில் முழு மார்க். வாயைத் திறந்தால்தான் வம்பு. "மன்னிக்கணும், சிரமம் இல்லேன்னா, தயவுசெஞ்சு, அப்ரா" என்று குழைந்தேன். பயிற்சி கொடுத்த ஷீலா மேடம் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தார். "கதவைத் திறக்கச் சொல்றியா, பொண்ணு கேக்கறியா?"

ஷேர் ஆட்டோ

இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. என் அம்மா மதுராந்தகம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். உத்தரவு எங்கள் வீட்டுக்கு வரும்; எங்கள் வீட்டிலிருந்து போனதே கிடையாது. என்னைப் போடச் சொன்னால் வாயில் மன்னிப்புதான் வருகிறது.

என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஏறு, நவுறு, எறங்கு என்று நாளெல்லாம் உத்தரவுதான். அவரை வாடிக்கையாளராக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். பாவம், கடைசிவரை கேட்டார். "இன்னாமே இது? இப்டி கெஞ்சிகினு இருந்தா என் வண்டில ஒருத்தன் உள்ள நவுர மாட்டான்."

ஒரே ஒரு பட்டன்

ஒரு பெரியவர் போன் செய்தார். ஒரு பட்டனை அமுக்கச் சொல்ல எனக்குப் பதினோரு நிமிடம் ஆனது. அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, இவ்வளவு தயங்கறியே, உள்ளே இருக்கிறது உன் துணியா?" என்றார். கூடவே கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் சிரிக்கவில்லை. "சாதுவா இருக்கே, சந்தோஷம். இன்னும் ஒரு கால் இப்படிப் போச்சுன்னா நிரந்தரம் கிடையாது."

ஹால் வரைக்கும் தண்ணீர்

மறு வாரம் மதியம், ஒரு பெண்மணி அழுதுகொண்டே பேசினார். மெஷின் பின்னாலிருந்து தண்ணீர் பீறிட்டு ஹால் வரைக்கும் போய்விட்டதாம். எனக்குப் பதறிப்போச்சு. மன்னிப்பு, தயவு எல்லாம் எங்கே போச்சோ! "எஸ்கூச்சே, கேளுங்க. மீரே, பின்னால பாருங்க. குழாய் தெரியுதா? ஹீரே, திருப்புங்க. இன்னும் திருப்புங்க." மொத்த ஆபீஸும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

தண்ணீர் நின்றது. வாடிக்கையாளரிடம் கத்திவிட்டோமே, வேலை போச்சு என்று ஹெட்செட்டைக் கழற்றப் போனேன். அந்தம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "இந்த வீட்டுல எல்லாரும் எனக்கு உத்தரவு போடுவாங்க. எனக்காகப் போட்ட உத்தரவு இது ஒண்ணுதான்."

லெட்டர்

ஆறு மாதம் முடிந்ததும் நிரந்தரம் என்று லெட்டர் வந்தது. மனசு நிறைந்துபோய் அம்மாவிடம் எடுத்துப்போனேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். "நீ சொன்னா அவங்க செய்றாங்களா?" என்று கேட்டாள். "உடனே செய்றாங்கம்மா" என்றேன். நாற்று நட்ட தன் கையைத் தடவிக்கொண்டாள். "பாத்து சொல்லுடி. செய்றவங்களுக்கும் கை வலிக்கும்."

ஆக மொத்தம், ஸ்பெயின் தேசமே என் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது. ஈரத்துணியைக் காயப்போடச் சொன்னால் வீட்டுக்காரர் மட்டும் "அப்பால பாக்கலாம்" என்கிறார்.