பரிசோதனைக் கோழி

எங்கள் விடுதியில் கோழி வேகும் வாசம் வந்தால் அன்றைக்குப் பரிசோதனை என்று அர்த்தம். மற்ற நாட்களில் கஞ்சியும் பயறும்தான். பயறில் கிடக்கும் வண்டைப் பொறுக்கி ஓரத்தில் வைத்தால் வார்டனுக்குக் கோபம் வரும், அதனால் வண்டோடு விழுங்கப் பழகியிருந்தோம். பரிசோதனை நாளில் பீரோவிலிருந்து புதிய விரிப்புகள் இறங்கும். மடிப்புத் தடம்கூடப் போகாத விரிப்புகள். பிளாஸ்டிக் உறையோடு ஒரு பொம்மையும் இறங்கும். அதை மடியில் வைத்துக்கொள்ள ஒருத்தியை வார்டனே தேர்ந்தெடுப்பாள், உறையைப் பிரிக்க மட்டும் கூடாது. சாயங்காலம் எல்லாம் பீரோவுக்குள் திரும்பிவிடும். கோழி மட்டும் எங்கள் வயிற்றோடு போகும், அதை அவளால் திரும்ப வாங்க முடியாது.

விடுதி கேரள எல்லையில், பாறசாலையிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது. நானும் அக்காவும் குளத்தூர் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளைகள். அம்மா காய்ச்சலில் செத்தாள். அப்பா கொச்சிக்கு மீன் பிடிக்கப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அவரும் செத்திருந்தால் கல்லறையில் ஒரு மெழுகுதிரியாவது ஏற்றியிருக்கலாம், அந்தப் புண்ணியத்தையும் மனுஷன் எங்களுக்குக் கொடுக்கவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது, அக்காவுக்குப் பதினொன்று.

எனக்குத் தூக்கத்தில் மூத்திரம் போகும். வார்டன் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். நனைந்த விரிப்பை என் தலைவழியே போர்த்தி முற்றத்தில் நிறுத்துவாள், அது காயும்வரை நான் அசையக் கூடாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி என்னைத் தாண்டிப் போவார்கள். சிரிக்காதவளுக்கு அடி விழும் என்பதால் நன்றாகவே சிரிப்பார்கள். சில நாள் விடியுமுன் அக்கா என்னை உருட்டிவிட்டு, தன் காய்ந்த விரிப்பை எனக்கு அடியில் தள்ளி, ஈரத்தை எடுத்துக்கொள்வாள். அன்றைக்கு முற்றத்தில் அவள் நிற்பாள். நான் தாண்டும்போது துணியை லேசாகத் தூக்கி நாக்கை நீட்டிக் காட்டுவாள்.

பரிசோதனைக்குச் சர்க்காரிலிருந்து ஒரு மேடமும் ஒரு சாரும் வருவார்கள். "மக்களே, எல்லாருக்கும் இங்கே சந்தோஷமா?" என்று மேடம் கேட்பார். "சந்தோஷம், எல்லாம் நல்லா இருக்கு" என்று நாங்கள் ராகம் போட்டுச் சொல்வோம். ஒருமுறை மேடமே கழிப்பறைக்குப் போக, உள்ளே கதவுக்குக் கொண்டி இல்லை. வெளியே வந்து, "இதைச் சரி பண்ணுங்க, நாங்க மறுபடி வந்து பார்ப்போம்" என்றார். சொன்னபடி வந்தார்கள். அன்றைக்கும் கோழி.

அக்காவின் மூளையில் பொறி தட்டியது அப்போதுதான். ராத்திரி என் காதுக்குள் சொன்னாள்: "மக்கா, ஒரு கொறை உண்டுன்னா அவிய திரும்பி வருவாவ. வந்தா கோழி உண்டு. ஒரு கொறைக்கு ஒரு கோழியாக்கும், கண்டியா?"

அடுத்த தடவை மேடத்தைத் தனியாகப் பிடித்து, வராந்தாவில் லைட் எரியவில்லை என்று சொன்னாள். லைட் வந்தது, மேடம் வந்தார், கோழி வந்தது. யார் காட்டிக்கொடுத்தது என்று வார்டன் எல்லோரையும் முழங்காலில் நிறுத்திக் கேட்டாள். அக்கா எங்களோடு முழங்காலில் நின்று, யாராக இருக்கும் என்று அவளும் யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள். என்ன ஒரு கள்ளி!

குறைகளை அவள் சேர்த்து வைத்திருந்தாள். கொசுவலை, பயற்று வண்டு, ஒழுகுகிற ஓடு. ஒரு தடவைக்கு ஒன்றுதான் அவிழ்ப்பாள். என் தலையில் போடுகிற ஈர விரிப்பைப் பற்றி எப்போது சொல்வாய் என்று கேட்டேன். "அது பெரிசு. அத கிறிஸ்மஸுக்கு வச்சிருக்கேன்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டேன், ரத்தம் வந்தது. முற்றத்தில் நிற்பது நான், இவளுக்குக் கிறிஸ்மஸ் கோழியா? அக்கா கையை உதறி, ரத்தத்தைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு, "சரி எட்டி, அழாத. அடுத்த தடவ பறயுதேன்" என்றாள்.

சொன்னாள். மேடம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் கண்ணீர் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. "இனி உனக்கு நல்ல இடம் உண்டு மோளே" என்றார். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் சிலர், நான் கேட்டதால்தானே அக்கா சொன்னாள், எனக்குக் குற்றவுணர்ச்சி இல்லையா என்று மெல்லிய குரலில் விசாரிப்பதுண்டு. எட்டு வயதுப் பிள்ளை தலையில் மூத்திரத் துணி வேண்டாம் என்று நினைத்தது குற்றமா? அப்படிக் கேட்கிறவர்களைச் செவிட்டில் ஓர் அறை வைக்கத் தோன்றும்.

அடுத்து அவர்கள் சொல்லாமல் வந்தார்கள். ஜீப்பும் இரண்டு வேனும் வந்தன. சொல்லாமல் வந்ததால் விரிப்பு இறங்கவில்லை, பொம்மை இறங்கவில்லை. அக்கா முதலில் அடுக்களைக்குத்தான் ஓடினாள். திரும்பி வந்து, "கஞ்சிதான் கெடக்கு" என்று என்னிடம் சொன்னாள். அவள் முகத்தில் அப்படியொரு ஏமாற்றம்.

விடுதியை மூடினார்கள். பிள்ளைகளை அவரவர் சொந்த மாநிலத்துக்கு அனுப்ப வேண்டுமாம். சார் ஒவ்வொருத்தியாகப் பிறந்த இடத்தைப் பார்த்து வேனைக் காட்டினார். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்கும். எங்கள் அம்மாவின் வீடு மாநிலக் கோட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கடற்கரை. அதனால் அக்கா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். இரண்டாவது பிரசவத்துக்கு யார் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள்? நான் இந்தப் பக்கம், கேரளத்து நெய்யாற்றின்கரையில் பிறந்தேன். சார் அக்காவுக்கு ஒரு வேனையும் எனக்கு ஒரு வேனையும் காட்டினார்.

"சாறே, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வீடாக்கும்" என்றாள் அக்கா.

"சட்டம் அப்படி. உங்க நல்லதுக்குத்தான்."

அக்கா மேடத்திடம் ஓடினாள். "மேடம், நான் சொன்னது எல்லாம் பொய்யி. வார்டன் நல்லவ. விரிப்பெல்லாம் போடல்ல. நாங்க இங்கயே நிக்குதோம்." மேடம் மறுபடி அழுதார். அழுதுகொண்டே அவளை வேனில் ஏற்றினார். அவள் களியக்காவிளை வழியாக நாகர்கோவிலுக்கு அப்பால் போனாள், நான் கள்ளிக்காட்டுக்குப் போனேன்.

கள்ளிக்காட்டு விடுதி உண்மையிலேயே நல்ல விடுதி. கொண்டி உண்டு, கொசுவலை உண்டு, முட்டை உண்டு. எனக்கு மெத்தைமேல் ரப்பர் ஷீட் போட்டுத் தந்தார்கள், யாரும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. அந்த நல்லதையெல்லாம் நான் வெறுத்தேன். விடியுமுன் யாரும் என்னை உருட்டிவிடாத அந்தச் சுத்தமான படுக்கையை வெறுத்தேன்.

அங்கேயும் பரிசோதனை வந்தது, வேறொரு சார். "ஏதாவது குறை உண்டா?" என்றார். "உண்டு, எனக்க அக்கா இல்ல" என்றேன். அவர் என் தலையைத் தடவி, குறித்துக்கொண்டார். நான் காத்திருந்தேன். அக்காவின் கணக்குப்படி அவர் திரும்பி வரவேண்டும். வரவில்லை. ஒருவேளை இந்தக் குறை போதாதோ என்று நினைத்து, கழிப்பறைக் கொண்டியைக் கல்லால் அடித்துப் பெயர்த்தேன். அதற்கு உடனே வந்தார்கள், கொண்டியைச் சரி பார்க்க. மறுபடி அக்காவைக் கேட்டேன். "அது ரெண்டு மாநில விஷயம் மோளே, இந்தப் பரிசோதனையில் வராது" என்றார் சார். விடுதிக்கு நல்ல பெயர் கிடைத்தது.

பதினெட்டு முடிந்து வெளியே வந்தேன். பன்னிரண்டு வருஷமாக நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் சேலை விரிக்கிறேன். கொஞ்ச நாள் முன்பு விடுதிகளின் தரத்தை எப்படி உயர்த்துவது என்று ஒரு கூட்டம் போட்டு, விடுதியில் வளர்ந்தவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். கூடப்பிறந்தவர்களைப் பிரிக்காதீர்கள் என்று மைக்கில் சொன்னேன். கை தட்டினார்கள். மத்தியானம் சிக்கன் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது, பக்கத்தில் இருந்த அம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

அந்தச் சிரிப்போடுதான் அக்காவைத் தேட ஆரம்பித்தேன், அதுவரை யாராவது அவளைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்றே இருந்துவிட்டேன். அவள் வளர்ந்த விடுதிக்குப் போய்க் கெஞ்சி விலாசமும் போன் நம்பரும் வாங்கினேன். கல்யாணம் ஆகி, இரண்டு பெண்பிள்ளைகளோடு, கொல்லங்கோட்டுப் பக்கம்தான் இருந்தாள். என் கடையிலிருந்து பஸ்ஸில் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். இத்தனை வருஷம் இவ்வளவு பக்கத்திலா என்று போனிலேயே அழுதேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

தெருமுனையிலேயே கோழி வேகும் வாசம் வந்தது.

கட்டிலில் புது விரிப்பு, மடிப்புத் தடம் போகாமல். பெண்பிள்ளைகள் இரண்டும் தலைவாரி, பவுடர் போட்டு, சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சின்னதற்கு எட்டு வயது இருக்கும். வாசல்படியில் அக்காவின் புருஷன் நின்றான், நான் இருந்த நேரம் முழுக்க அங்கேயே நின்றான். அக்கா சோறு போடும்போது கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தழும்புகள், புதுசும் பழசும். பழசில் ஒன்று என் பல்.

"எக்கா," குரலைத் தாழ்த்திக் கேட்டேன், "ஏதாவது கொறை உண்டா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்தாள். "ஒண்ணும் கெடயாது. எல்லாம் நல்லா இருக்கு" என்றாள், அதே ராகத்தில். பிள்ளைகளும் கூடவே தலையாட்டின.

கோழியைத் தின்றேன். நல்ல ருசி. புறப்படும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மறுபடி வாறேன்" என்றேன்.

அக்கா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சின்னவளைத் தன் பக்கமாகச் சேர்த்துப் பிடித்தாள்.

"எதுக்கு மக்கா? இங்க கொறை ஒண்ணும் கெடயாதுன்னு சொன்னேனே."