பதினோரு சுற்று

பதுளை ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் இருக்கும். அதில் பட்டியல்கள் மட்டுமே. நோயாளி உள்ளே வந்ததும் செய்ய வேண்டியவை, இருட்டறையில் மறக்கக் கூடாதவை, பதுளைக் கடைத்தெருவில் வாங்க வேண்டியவை. கடைசிப் பக்கங்களில் இன்னொரு பட்டியல்: படம் பழுதானதற்குக் காரணம். எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுப் பொருள் எதுவும் லேசில் வராது, பிலிமும் அப்படித்தான். வீணான ஒவ்வொரு பிலிமுக்கும் நான் ஒரு காரணம் எழுதி வைத்தேன். யாரும் கேட்கவில்லை, எழுதினால்தான் எனக்கு நிம்மதி. அடிக்கடி வந்த வரி 'நோயாளி அசைந்தார்' என்பது.

ஒரு மழைநாள் காலையில் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்திக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கொழுந்துக் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்ததில் இடது முன்கை வீங்கியிருந்தது. கூட வந்தவர் அவளுடைய அண்ணி. விழுந்த கதை, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கதை, வழியில் கண்டக்டரோடு போட்ட சண்டை எல்லாவற்றையும் நான் கேட்காமலே சொன்னார். கை வீங்கியவள் ஒன்றும் பேசவில்லை. வலது கையில் ஒரு சாண் நீளக் கூடைக் கயிற்றை வைத்துக்கொண்டு அதன் நுனியைக் கண்ணுக்குப் பக்கத்தில் சுழற்றிக்கொண்டிருந்தாள். உடம்பு மெல்ல முன்னும் பின்னும் ஆடியது.

நான் என் பட்டியலின்படி நடந்தேன். முதல் வரி: கையிலும் கழுத்திலும் எதுவும் இருக்கக் கூடாது. வளையல்கள், தாயத்து, கொண்டை ஊசி எல்லாம் எனாமல் தட்டுக்குப் போயின. கயிற்றுத் துண்டும் போனது.

அதற்குப் பிறகு அவள் ஆடிய ஆட்டம் வேறு. இடுப்புக்கு மேல் முழு உடம்பும் முன்னே போய்ப் பின்னே வந்தது. தொண்டையிலிருந்து ஒரே சுரத்தில் ஒரு முனகல் எழுந்தது. அசைய வேண்டாம் என்று ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன். முதல் படத்தில் முன்கையின் இரண்டு எலும்புகளும் நான்காகத் தெரிந்தன. அடுத்த படத்துக்கு அட்டெண்டன்டைக் கூப்பிட்டேன்; முஸ்லிம் ஆள் என்பதால் எல்லோருக்கும் அவர் நானா. அவர் ஈய மேலங்கியை மாட்டிக்கொண்டு அவளுடைய தோள்களைப் பிடித்தார். பிடித்ததும் அவள் இன்னும் வேகமாக ஆடினாள், நானாவும் கூடவே ஆடினார். அந்தப் படத்தில் எலும்புகளை எண்ணவே முடியவில்லை.

டாக்டர் வந்து, பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இரண்டு ஈரப் படங்களையும் பார்த்தார். இன்னும் ஒன்று எடுத்துப் பார்க்கச் சொன்னார். அதுவும் சரிவராவிட்டால் கண்டிக்கு அனுப்பி, மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணியின் பேச்சு அப்போதுதான் நின்றது. பிறகு, "கண்டியில என்னையக் கூட இருக்க விடுவாங்களா, மிஸ்ஸி?" என்று கேட்டார். வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் எல்லோரும் தோட்டத்து மக்களுக்கு மிஸ்ஸிதான். தெரியவில்லை என்றேன். தெரியாத ஆட்களுக்கு நடுவில் தனியாக இருந்து இவள் இப்படி ஆடினால், பைத்தியம் என்று கட்டிலோடு கட்டிவிடுவார்கள் என்று அவர் பயந்தார். வீண் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஆளை வைத்துப் பிடிக்கச் சொன்னவள் நான்.

எப்போதும் இப்படி ஆடுவாளா என்று கேட்டேன்.

"ஆடுவா. அவ ஆடாம இருந்தாத்தான் எங்களுக்குப் பயம்" என்றார் அண்ணி.

அந்த ஆட்டத்தை, அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் படிக்கத் தெரியுமாம். சின்ன ஆட்டம் என்றால் மனசு நன்றாக இருக்கிறது. திருவிழாவில் வெடி போட்டால் பெரிய ஆட்டம் வரும். அப்படி ஆடித்தான் அவள் பயத்தை இறக்கி வைப்பாளாம். ஒரு தடவை காய்ச்சலில் ஆடாமல் கிடந்தபோது அடுத்த லயத்து ஆட்களும் பார்க்க வந்துவிட்டார்கள். கங்காணி முதலில் 'ஊஞ்சல்' என்று பெயர் வைத்துக் கேலி செய்தவர். அவள் எடுத்த தேயிலை நிரையில் ஒரு கொழுந்து மிச்சம் இருக்காது என்று கண்ட பிறகு, ஊஞ்சலைப் பார்த்துப் படிக்கச் சொல்லி மற்றவர்களை ஏசுகிறாராம்.

பெரிய ஆட்டத்தை எது சின்னதாக்கும் என்று கேட்டேன்.

"அந்தக் கயிறுதான். நீங்கதானே புடுங்கித் தட்டுல போட்டீங்க."

தட்டைப் பார்த்தேன். அது வெறும் தென்னங்கயிறு. இருந்தது வலது கையில், நான் படம் எடுக்க வேண்டியது இடது கையை. பட்டியலில் எழுதியிருந்ததைத் தவிர அதை வாங்கி வைக்க வேறு ஒரு காரணமும் இல்லை.

கயிற்றை நீட்டியதும் என்னைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டாள். முதலில் முனகல் நின்றது. பிறகு ஆட்டம் இடுப்பிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து விரலுக்கும் சுருங்கியது. அண்ணி அவளுடைய இடது கையைப் பதமாக எடுத்துப் பிலிம் பெட்டியின் மேல் வைத்தார். நான் சுவிட்சருகே நின்று பார்த்தேன். கயிற்று நுனி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. நிற்கும்போது அவளுடைய முழு உடம்பும் ஒரு மூச்சு நேரம் அசையாமல் இருந்தது. சுற்றுகளை எண்ணினேன். பதினொன்று. அடுத்த தடவையும் பதினொன்று.

மூன்றாம் தடவை எண்ணிக்கை தவறிவிட்டது. பின்னால் நானா சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னேன்.

"அது என்ட கைப்பழக்கம், மிஸ். நீங்களும்தான் காலைத் தட்டிக்கொண்டு நிக்கிறீங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் இடது குதிகால் தரையைத் தட்டிக்கொண்டுதான் இருந்தது. அண்ணி காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். டாக்டரின் பேனா மூடியும் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் மூவரில் ஒருவரையும் யாரும் கண்டிக்கு அனுப்பப் போவதில்லை.

திரும்ப எண்ணி, பதினோராவது சுற்று நின்ற கணத்தில் சுவிட்சை அழுத்தினேன்.

இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில் பிலிமைத் தொட்டியில் இறக்கிவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு எலும்புகள், இரண்டாகவே வந்தன. ஒன்றில் மயிரிழை போல ஒரு விரிசல். ஒரு விரிசலைக் கண்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எப்படி எடுத்தேன் என்று கேட்டார். காத்திருந்தேன் என்று மட்டும் சொன்னேன். பகலுக்குள் இங்கேயே பிளாஸ்டர் போட்டு, பின்னேர பஸ்ஸுக்கு இருவரையும் அனுப்பிவிட்டார்கள்.

வீணான இரண்டு பிலிமுக்கும் வழக்கம் போல 'நோயாளி அசைந்தார்' என்று எழுதினேன். பிறகு அதை வெட்டிவிட்டு, 'கயிற்றை வாங்கி வைத்தேன்' என்று எழுதினேன்.

பல வருடங்கள் கழித்துக் கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போனபோது, குழந்தை வைத்தியர் ஒருவர் ஓட்டிசம் என்பதைப் பற்றிப் பேசினார். உடம்பை ஆட்டுவதும் கையைச் சுழற்றுவதும் சிலருக்கு மனதை நிலையில் வைத்துக்கொள்ளும் வழி, அதைப் பிடித்து நிறுத்தக் கூடாது என்றார். நான் அதைக் குறித்துக்கொண்டேன். அவளுக்கு இருந்தது அதுதானா என்று சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அவர் சொன்னதில் பாதி அந்த லயத்தில் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அந்த மழைநாளுக்கு ஆறு வாரம் கழித்து, பிளாஸ்டர் வெட்டிய கையோடு அவள் மறுபடி படம் எடுக்க வந்தாள். வாசலில் நின்று மெல்ல ஆடினாள். மேசை மேல் எனாமல் தட்டைக் கண்டதும் கயிறு இருந்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "மிஸ்ஸிய மறக்கலை பாருங்க" என்றார் அண்ணி. நானா தட்டை எடுத்துப்போய் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வெளியே போனார்.

அவள் அலுமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தானாகவே வந்து உட்கார்ந்து, இடது கையை நீட்டிப் பெட்டியின் மேல் வைத்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து கயிறு முன்னால் வந்தது. நான் குதிகாலை அதன் போக்கில் விட்டுவிட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.