இரண்டு படிவமும் ஒரு பட்டியலும்

சுனாமிக்கு அடுத்த கிழமை, ஆரையம்பதி முகாமொன்றில் தப்பியவர்களைப் பதிய நான் எழுதிய மென்பொருளில் இரண்டு படிவங்கள் இருந்தன. ஒன்றில் பெயரைப் பதியலாம், மற்றதில் தேடலாம். பதிந்தவர், கண்ணாடி மூக்கு நுனியில் நிற்க, ஒவ்வொரு பெயரையும் உரக்கச் சொல்லித் தட்டும் ஓர் அக்கா.

"சேர், காலையில நானே பதிஞ்ச பொம்புளய இது இல்லையெண்டு சொல்லுது. புருசன் வாசல்ல அழுதுகொண்டு நிக்கார்."

மேதாவியான நான் படிவத்துக்கொரு பட்டியல் உருவாக்கியிருந்தேன். தேடும் படிவம் தன் வெற்றுப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை அக்காவிடம் சொன்னேன்.

"ஒரே பட்டியல ரெண்டுக்கும் குடுத்தா என்ன?"

கொடுத்தேன். மனைவி கிடைத்தாள். அக்கா இன்னொரு பெயரைத் தேடினார். இல்லை என்றது.

"இன்னும் பிழையோ?"

"இல்ல சேர், இப்ப சரியாத்தான் சொல்லுது. அது எண்ட மகன்ட பேர்."

சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் மென்பொருளில் ஒரு பிழை மிச்சமிருந்திருக்கலாமே என்று நான் ஏங்கியது அன்று மட்டும்தான்.