ராக்கெட் பிளேட்டும் என் கட்டைக் குரலும்

ரெகார்ட் பிளேயர் சூடேறும்போது எங்கள் கூடத்தில் இஸ்திரி போட்ட துணியின் வாசனை வரும். பின்னாலேயே கரகரவென்று ஒரு சத்தம், ராக்கெட் கிளம்புகிற ஓசை, அப்புறம் அந்தக் கிட்டார். பாடுகிறவர் யாரும் கிடையாது. கிணற்றுக்குள் உட்கார்ந்து யாரோ வாசிப்பதுபோல் கிட்டார் மட்டும் எதிரொலித்துக்கொண்டே போகும். அட்டையில் வெள்ளி உடுப்புப் போட்ட ஒருவன், கையில் கிட்டாரோடு நிலாவுக்குப் பக்கத்தில் மிதப்பான். அப்பாவின் ஆபீஸில் இருந்த வெளிநாட்டு இன்ஜினீயர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது பிளேயரையும் இந்த ஒரே இசைத்தட்டையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கடலலையில் பலகை ஏறிச் சறுக்குகிற அமெரிக்கப் பையன்கள் ஆடிப்பாடக் கேட்ட இசை அது என்பதெல்லாம் மைசூரில் இருந்த எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு அது "ராக்கெட் பிளேட்டு", அவ்வளவுதான்.

அப்பாவுக்கு வீணைப் பைத்தியம். கிட்டார் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாக வழுக்கிப் போகும்போது, "பாரு, எப்படி இழையறது! சாட்சாத் கமகம்" என்று தொடையில் தாளம் போடுவார். அம்மாவோ, "பாட்டுன்னா வாயத் தொறந்து பாடணும், அல்வா?" என்று 'இல்லையா'வை மட்டும் கன்னடத்தில் கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். பிளேயரைப் பிரித்துத் துடைக்கலாமா என்று தம்பி கேட்டால், "ஓடிண்டுதானே இருக்கு, கை வெக்காதே" என்பார் அப்பா.

சின்ன வயதில் நான் பயந்தது தசராவுக்குத்தான். கொலுவை எங்கள் ஊரில் "கொம்பெ" என்பார்கள். சாயங்காலமானால் தெருப் பெண்களெல்லாம் கூட்டமாகக் கிளம்பி, ஒவ்வொரு வாசலிலும் நின்று "ரீ, கொம்பெ கூர்ஸிதீரா?" என்று, கொலு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுக் கத்துவோம், பொம்மை வைத்த வீடானால் உள்ளே கூப்பிட்டுக் கை நிறையத் தின்பண்டம் கொடுப்பார்கள். தெருக்கோடி செல்லம்மா மாமி வீட்டில் மட்டும் சட்டம் வேறு. வந்தவள் ஒவ்வொருத்தியும் பாட வேண்டும், ஒருத்தி பாடாவிட்டால் யாருக்கும் ஒன்றும் கிடையாது. எனக்கோ கட்டைக் குரல். ஒரு வருஷம் தேவரநாமம் என்கிற கன்னட பக்திப் பாட்டு ஒன்றை ஆரம்பித்து, மேலே போகும் இடத்தில் குரல் உடைந்து, கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. அதனால் அடுத்த வருஷம் என் தோழிகளே, "நீ வராதேடீ, உன்னால எங்களுக்கும் கெடைக்காது" என்று சொல்லிவிட்டார்கள். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். கடைசி நாள் மட்டும் மனசு கேட்காமல் அவர்கள் பின்னாலேயே போய்விட்டேன்.

மாமி வீட்டில் என் முறை வந்தபோது, கற்றுக்கொண்ட ஒரு பாட்டும் நினைவுக்கு வரவில்லை. தினமும் கேட்ட அந்தக் கிட்டார்தான் தொண்டையில் இருந்தது. வேறு வழியில்லாமல் "ன ன ன" என்று அதையே இழுக்க ஆரம்பித்தேன். வார்த்தை கிடையாது, மறந்துபோகுமே என்ற பயமும் கிடையாது. மெதுவாக, தாழ்வாக, எனக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் அந்தப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"யாரோட கீர்த்தனைடீ இது?"

"தெரியாது மாமி. கிட்டார்."

"இருக்கட்டும், நன்னா இருக்கு. இன்னொரு சலா சொல்லு."

இன்னொரு தடவை பாடினேன். அன்றைக்குக் "கொப்ரி மிட்டாய்" என்கிற தேங்காய் பர்பி முதலில் என் கையில்தான் விழுந்தது. அடுத்த வருஷத்திலிருந்து எந்த வீட்டு வாசலானாலும் தோழிகள் என்னைத்தான் முன்னால் தள்ளிவிட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்போது மைசூரிலேயே விஜயநகரில் இருக்கிறேன். தசராவுக்கு வந்திருந்த தம்பி, அந்த ஆல்பத்தை இணையத்தில் தேடிப் பிடித்துப் போனில் போட்டான். அதே அட்டை, அதே வெள்ளி உடுப்பு. ஆனால் கிட்டார் நாய் துரத்தினாற்போல் ஓடியது. சுருதியும் எங்கோ உச்சியில் இருந்தது. "இது இல்லடா, வேற ஏதோ" என்றேன். அவன் சிரித்தான்.

"இதுதான்க்கா நெஜமானது. நம்மாத்துப் பிளேயர்ல ரப்பர் பெல்ட்டு தொளதொளன்னு போயிருக்கும். அதான் மெதுவா சுத்தித்து, சுருதியும் எறங்கிடுத்து."

முதலில் யாரோ என்னை ஏமாற்றிவிட்டது போலத்தான் இருந்தது. இரண்டாம் முறை கேட்டபோது கால் தானாக ஆடியது. குஷியான இசை, குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் முறை கூடவே பாடிப் பார்த்தேன், பாதியிலேயே குரல் உடைந்தது. அன்று சரியான வேகத்தில் கேட்டு வளர்ந்திருந்தால் மாமி வீட்டிலும் இதே கதிதான் ஆகியிருக்கும். அப்பா அந்தப் பெல்ட்டை மாற்றாமல் விட்டாரே, அவருக்குக் கோடி நமஸ்காரம். நான் பாடியதை அந்தக் கிட்டார்க்காரர்களே வந்து கேட்டாலும் தங்களுடையது என்று அடையாளம் சொல்லமாட்டார்கள். அது எங்கள் கூடத்தில் மட்டும் இருந்த பாட்டு.

மாமியின் வீடு இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட். வாசலில் நின்று கத்துகிற பெண்களையும் காணோம். தம்பி அந்தப் பாட்டைப் போட்ட அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்தவர்கள் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள், தாம்பூலம் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர்கூட ஒருவரையும் பாடச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் "பாடு" என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து அழுதவள், யாராவது கேட்கமாட்டார்களா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அப்புறம் நானே தொண்டையைக் கனைத்துக்கொண்டு "ன ன ன" என்று ஆரம்பித்துவிட்டேன்.